ஊதா காட்டிய மண்

கண்ணாடிக்காரர் வீட்டுப் புல்தரை நன்றாகத்தான் இருந்தது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே, ஒரு தலையணையை வைத்தால் மறைந்துவிடும் அளவுக்கு வெறும் மண். சுற்றிலும் புல் கணுக்காலைத் தொட, அங்கே மட்டும் முளைத்ததெல்லாம் மஞ்சளாகி, பழுப்பாகி, பொசுங்கிப் போயிற்று. மண்ணின் மேலே உப்புப் பூத்தது போல வெள்ளையாக ஓர் ஏடு படிந்திருந்தது. உலகத்தில் எத்தனையோ வீடுகளில் புல் கருகுகிறது. அதற்காக யாரும் சோற்றை விடுவதில்லை. இந்த வீட்டில் ஒருத்தி விட்டிருந்தாள்.

ஏனென்றால் அந்த மண்ணுக்குள் இருந்தது அவர்கள் மகள்.

பதினொரு வயது. வீட்டில் எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிடுவாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. சாம்பலை எங்கே கொண்டுபோய்க் கரைப்பது என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கோர் இடம் சொன்னார்கள். அம்மாக்காரி யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அவ புல்லுலதான் இருப்பா" என்றாள். துணிக் கம்பிக்குக் கீழேதான் வாலு கரணம் போடுவாள், காய்கிற துணியைக் காலால் உதைத்துக்கொண்டே. டப்பாவில் இருந்த சாம்பல் அத்தனையையும் ஒரு பொட்டுக்கூட வெளியே சிந்தாமல் அந்த ஒரே இடத்தில் கொட்டினாள் அம்மா. கண்ணாடிக்காரர் அதன் மேல் கொஞ்சம் மண்ணைத் தள்ளி, உள்ளங்கையால் அழுத்தி, புல்விதை தூவி, தண்ணீர் தெளித்தார்.

விதை முளைத்தது. மூன்று விரல் உயரம் வந்தது. பிறகு செத்தது. இன்னொரு முறை தூவினார். இந்த முறை முளைக்கவே இல்லை.

"அவ விட மாட்டேங்கிறா" என்றாள் மனைவி.

அதற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள், மழை ஈரத்தில் கரணம் போட்டுச் சீருடை முழுக்கச் சேறாக்கிக்கொண்டு வந்த பெண்ணைப் பார்த்து, "இனிமே அந்தப் புல்லுல கால வெச்சுப் பாரு, காலை ஒடிச்சு அடுப்புல வெச்சிடறேன்" என்று கத்தியிருந்தாள். காலை ஒடிப்பேன் என்று சொல்லாத அம்மா எந்த ஊரிலாவது இருந்தால் அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டலாம். ஆனால் எல்லா அம்மாக்களுக்கும் அடுத்த நாள் மன்னிப்புக் கேட்டுச் சமாதானமாக ஒரு பொழுது கிடைக்கும். இவளுக்குக் கிடைக்கவில்லை.

"நானே அங்க போகாதேன்னுட்டு, நானே கொண்டுபோய் அங்க போட்டா அவ சும்மா இருப்பாளா? ரோஷக்காரி. ஒரு புல்லைக்கூட வர விட மாட்டா."

முதலில் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துக்கத்தில் பேசுகிறாள், பேசட்டும் என்று விட்டார். ஆனால் அவள் பேசியதோடு நிற்கவில்லை. தட்டை முன்னால் வைத்தால் ஒரு வாய் எடுப்பாள், ஜன்னல் வழியாகக் கம்பிக்குக் கீழே பார்ப்பாள், தட்டைத் தள்ளிவிடுவாள். "அவ என்கூடப் பேசட்டும், அப்புறம் சாப்பிடறேன்" என்பாள். அவள் தையல்காரி. ஊரில் யாருடைய இடுப்பு ஓர் அங்குலம் இளைத்தாலும் கண்ணாலேயே அளந்து சொல்லிவிடுவாள். இப்போது அவள் போட்டிருந்த ரவிக்கையே தோளை விட்டு வழுக்கி இறங்கியது. அதைப் பிடித்துத் தைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. மெஷின் உறைக்குள் கிடந்தது. டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, இப்படியே போனால் அட்மிட் பண்ணி மூக்கு வழியாக டியூப் போட வேண்டியிருக்கும் என்று கண்ணாடிக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. ஒரு பச்சை நுனி அங்கே தலைகாட்டிவிட்டால் போதும். அதைக் காட்டி, "பாரு, பேசிட்டா" என்று சொல்லி, இவளை உட்காரவைத்து வயிறாரச் சாப்பிட வைத்துவிடலாம். பிள்ளையைப் பறிகொடுத்தாயிற்று, பெண்டாட்டியையும் பறிகொடுக்க முடியாது. காலையில் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போவதற்கு முன் குந்தி உட்கார்ந்து மண்ணை முகர்ந்து பார்ப்பார். மாலையில் வந்ததும் மறுபடி உட்காருவார். கண் பரிசோதனைக்குப் பயன்படுத்தும் டார்ச்சை அடித்து முளை தேடுவார்.

இந்த நிலைமையில் வந்து சேர்ந்தான் மச்சினன், மனைவியின் தம்பி. டைல்ஸ் ஒட்டுவது தொழில், ஆலோசனை சொல்வது பொழுதுபோக்கு. எல்லாம் தெரிந்த ஏகாம்பரம் என்பார்களே, அந்த ரகம்.

"மாமா, இதுக்குப் போயா இப்படி மண்டையைப் பிச்சுக்கறீங்க? புல்லு மஞ்சளாச்சுன்னா மண்ணு புளிச்சுப்போச்சுன்னு அர்த்தம். சுண்ணாம்பைத் தூவி விடுங்க. தளதளன்னு வரும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எத்தனை வீட்டுல வேலை பாத்திருக்கேன்! எல்லா வீட்டுலயும் அதான் பண்றாங்க."

எல்லா வீட்டிலும் பண்ணுகிறார்கள் என்றால் அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அக்காவின் கன்னம் ஒட்டிப்போயிருந்ததைப் பார்த்த வேகத்தில் அவனே வேலை நடக்கிற இடத்திலிருந்து அரை மூட்டை சுண்ணாம்புத் தூளைக் கொண்டுவந்து கொட்டினான். கண்ணாடிக்காரர் வாங்கித் தூவினார். கொஞ்சமாகத் தூவினால் கொஞ்சமாகத்தான் வரும் என்று தாராளமாகவே தூவினார். கழுத்தளவு தண்ணீரில் நிற்பவனுக்குத் துரும்பு கிடைத்தால் அதைச் சோதித்துப் பார்த்தா பிடிப்பான்?

தலையணை அளவில் இருந்த வெறுமை, ஒரு பாயை விரித்த அளவுக்கு ஆயிற்று. ஓரத்தில் நன்றாக இருந்த புல்லும் நுனியிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது.

மனைவி ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, "கிட்ட வராதீங்க, தள்ளிப் போங்கன்னு சொல்றா" என்றாள். அன்று அந்த ஒரு வாயையும் எடுக்கவில்லை.

மறுநாள் அவர் கடையைத் திறக்கவில்லை. நேரே செடி விற்கும் நர்சரிக்குப் போனார். நர்சரிக்காரி கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து நாற்றுகளின் வேரைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலைநிமிராமலே, "மண்ணை டெஸ்ட் பண்ணிட்டுத்தானே சுண்ணாம்பு போட்டீங்க?" என்றாள்.

அவர் இல்லை என்றார். சொன்ன மாத்திரத்தில் காது சுட்டது. கண்ணைப் பார்க்காமல் பவர் எழுதிக் கொடுப்பவன் கையை வெட்ட வேண்டும் என்று கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இருபது வருடமாகச் சொல்லி வருகிறவர் அவர். பெற்ற மகள் படுத்திருக்கிற மண்ணில், எவனோ சொன்னான் என்று சுண்ணாம்பைக் கொட்டியிருக்கிறார். தன் கையைத்தான் முதலில் வெட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள், ஒரு வெள்ளைப் பொடி, காய்ச்சி வடித்த தண்ணீர், ஒரு சொட்டு மருந்து, நிறங்கள் அச்சடித்த ஓர் அட்டை. அட்டையில் சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் அமிலம். நடுவில் பச்சை, அங்கே ஏழு என்று போட்டிருந்தது. அதைத் தாண்டினால் நீலம், ஊதா, எல்லாம் காரம். இந்த எண்ணுக்கு பி.எச். என்று பெயராம். புல்லுக்குப் பிடித்தது ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில், மஞ்சள் கலந்த இளம்பச்சை. முதலில் வேலியோரத்து மண்ணை எடுத்துக் குலுக்கி வைத்தார். தெளிந்ததும் அச்சு அசலாக அந்த இளம்பச்சை. பிறகு கம்பிக்குக் கீழே சுண்ணாம்பு படாத ஆழத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டார். குப்பி ஊதாவாகி, கறுத்து, அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டிப் போயிற்று.

குப்பியோடு நர்சரிக்கு ஓடினார். அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அம்மாடி! இது மண்ணா, சலவை சோடாவா? சுண்ணாம்பு போடறதுக்கு முன்னாடியே கருகிச்சுன்னீங்களே. அதுக்கு முன்னாடி என்னத்தக் கொட்டினீங்க?"

"சாம்பல்" என்றார்.

"அடுப்புச் சாம்பலா?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நாக்கு அழுகிவிடும் என்று தோன்றியது, ஆகவே தலையை மட்டும் ஆட்டினார்.

"சாம்பல்னாலே காரம். உப்பு வேற கெடக்கும். மொத்தமா ஒரு இடத்துல கொட்டினா எந்த வேர் தாங்கும்? ஒரு முழ ஆழத்துக்கு வெட்டி எடுத்துக் குப்பையில போட்டுட்டு, புது மண்ணை நெரப்புங்க. வந்துரும்."

"வெட்டாம ஒண்ணும் பண்ண முடியாதா?"

"கந்தகத் தூள் போடலாம். ஆனா அது தானா வேலை செய்யாது. மண்ணுல இருக்கிற கிருமிங்க அதைத் தின்னு செரிச்சு அமிலமாக்கணும். மாசக்கணக்கா ஆகும். அவசரப்பட்டு அள்ளிப் போட்டீங்கன்னா அதுவும் எரிச்சிடும். ரெண்டு கூடை மண்ணுக்கு ஏன் சார் இவ்வளவு பாடு?"

அவர் கந்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் மாசக்கணக்கு என்ற சொல் அவரை அறைந்துகொண்டே வந்தது. வீட்டில் இருக்கிறவளுக்கு மாசக்கணக்கு இல்லை. வாரக்கணக்கு இருக்கிறதா என்பதே சந்தேகம். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மகள் கோபப்படவில்லை, அவள் சாம்பல்தான் புல்லைக் கொன்றது என்று பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது? அவள் நம்பிக்கொண்டிருக்கிற பொய்யைவிட இந்த உண்மை கொடுமையாக இருந்தது.

அமிலம்தானே வேண்டும், அதற்குக் கிருமி எதற்கு என்று அவருக்குப் பட்டது. சமையலறையில் பெரிய பாட்டில் நிறைய வினிகர் இருந்தது. மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்த மத்தியானத்தில் அதைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பாயளவு மண்ணின் மேல் மளமளவென்று ஊற்றினார்.

மண் சீறியது.

சுண்ணாம்பும் புளிப்பும் சேர்ந்தால் நுரைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான். ஆனால் அந்த நேரத்தில் படிப்பா நினைவுக்கு வரும்? வெள்ளை நுரை பொங்கிப் பொங்கி எழுந்தது. உஸ்ஸென்று மண் முழுக்க ஒரு சத்தம். அவர் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார். பின்வாசல் கதவில் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"என்னத்த ஊத்தினீங்க? ஐயோ, அவளுக்கு எரியுது! கத்தறாளே, காதுல விழலையா உங்களுக்கு?"

நடக்கவே தெம்பில்லாதவள் ஓடிவந்தாள். நுரையின் மேல் அப்படியே குப்புற விழுந்து, இரண்டு கையாலும் மண்ணைக் கட்டிக்கொண்டாள். "போதும்டா கண்ணு, போதும்டா" என்று மண்ணிடம் சொன்னாள். அவர் தொட்டபோது கையைத் தட்டிவிட்டாள். கல்யாணமான நாளாக அவள் அப்படித் தட்டிவிட்டது கிடையாது. நுரை அடங்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் பக்கத்தில் கொண்டுபோய் வைத்த தண்ணீரையும் குடிக்கவில்லை. ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு அவரும் எட்ட உட்கார்ந்திருந்தார்.

விடிந்ததும் மச்சினன் வந்தான். அக்காவின் உதடு வெடித்திருந்ததைப் பார்த்ததும் அவனுக்கே ஆலோசனை வற்றிப்போயிற்று.

"மாமா, இனிமே பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. நான் போய் வண்டி கொண்டு வர்றேன். தூக்கிட்டுப் போயிடலாம்."

மண்ணில் படுத்திருந்தவள் தலையை மட்டும் திருப்பினாள். "இங்கிருந்து என்னைத் தூக்கினீங்கன்னா, நான் உயிரோட திரும்பி வர மாட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, துணிக்கு அளவு சொல்கிற மாதிரி சொன்னாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

மச்சினன் வண்டி கொண்டுவரப் போன பிறகு வேறு எதுவும் தோன்றாமல் சோதனைப் பெட்டியை எடுத்துவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இங்க பாரும்மா. அவ கோவமாவே இல்ல. நான் சொல்றதை ஒரே ஒரு தடவை பாரு."

டப்பாவின் அடியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த சாம்பலை விரல்நுனியால் எடுத்து ஒரு குப்பியில் போட்டார். தண்ணீர், பொடி, சொட்டு மருந்து. குலுக்கினார். ஊதா வந்தது. இன்னொரு குப்பியில் வேலியோரத்து மண். இளம்பச்சை வந்தது. கண் பரிசோதனைக்கு வந்தவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய குரலில் எல்லாவற்றையும் சொன்னார். சாம்பல் காரமானது, புல்லுக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான் விஷயம், இதில் ரோஷமும் இல்லை, பிணக்கும் இல்லை, யாருடைய சாம்பலாக இருந்தாலும் இதேதான் என்று சொன்னார்.

அவள் ஊதாக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, என் பிள்ளை விஷமா?"

எதைச் சொல்லக் கூடாது என்று இத்தனை நாள் நெஞ்சில் கல்லை வைத்து அடைத்திருந்தாரோ, அதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டார்.

"இல்லம்மா, இல்ல, அப்படி இல்ல…"

சொல்லி மாளாது என்று தெரிந்தது. கை தானாக ஊதாக் குப்பிக்குள் ஒரு கரண்டி வேலியோரத்து மண்ணைப் போட்டது. ஏன் போட்டார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அந்த நிறத்தை எப்படியாவது அவள் கண்ணிலிருந்து அழிக்க வேண்டும், அவ்வளவுதான். குலுக்கினார். அப்படியேதான் இருந்தது. பெரிய கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுத்துவந்து, அதில் கவிழ்த்து, இன்னும் மண், இன்னும் தண்ணீர், இன்னும் சொட்டு. அவசரத்தில் பாதி வெளியே சிந்தியது.

"ஊதா கொறைஞ்சிருக்கு பாரு. கொறைஞ்சிருக்குல்ல?"

"கத்திரிப்பூ நெறமா இருக்கு" என்றாள் அவள். நூல்கண்டுகளுக்கு நடுவில் வாழ்க்கையைக் கழித்தவள். நிறத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது.

மறுபடி ஒரு பிடி மண் போட்டார். கலக்கினார். இருவரும் அது தெளிவதைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

"இப்ப?"

"நீலம்."

இன்னும் ஒரு பிடி. டம்ளர் போதாமல் வாளிக்கு மாற்றினார். சொட்டு மருந்து தீர்ந்துபோகும் போலிருந்தது. மேலே தெளிந்த தண்ணீரைக் குப்பியில் மொண்டு அவளிடமே கொடுத்தார். அவள் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, குப்பியை ஆகாயத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். எழுந்து உட்கார்ந்ததை அவள் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார்.

"பச்சை" என்றாள். குப்பியைத் திருப்பிப் பார்த்து, "கிளிப்பச்சைகூட இல்ல, அதுக்கும் ஒரு படி எளசு" என்றாள்.

"அவ விஷம் இல்லம்மா. மொத்தத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டோம். அவ்வளவுதான் தப்பு."

அவள் குப்பியைக் கீழே வைக்கவில்லை. "ஒரு சிட்டிகைக்கு ஒரு வாளி மண்ணு வேண்டியிருக்கு" என்றாள். தன் எதிரே கிடந்த பாயளவு மண்ணைப் பார்த்தாள். பிறகு வேலி வரைக்கும் பார்த்தாள்.

"அவளைப் போய் ஒரே இடத்துல இருக்கச் சொன்னோமே" என்றாள். "ஒரு நிமிஷம் ஒரு எடத்துல நின்னிருப்பாளா அவ? சாப்பிடற தட்டை வெச்சுக்கிட்டே வீட்டை மூணு சுத்து சுத்துவாளே."

அதற்குப் பிறகு அவளை யாராலும் தடுத்திருக்க முடியாது. மண்வெட்டி வேண்டாம் என்றுவிட்டாள். கையாலேயே தோண்டினாள். கெட்டியான இடத்தில் அவர் கொத்திக் கொடுத்தார், அவள் அள்ளினாள். அள்ளிய மண்ணை முந்தானையில் கட்டிக்கொண்டு, நாலடிக்கு ஒரு முறை உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, வேலியோரம், படிக்கட்டோரம், தண்ணீர்க் குழாயோரம் என்று விரல் இடுக்கு வழியாகத் தூவிக்கொண்டே போனாள். அவர் பின்னாலேயே இரும்பு வாரியால் புல்லின் வேர் வரைக்கும் கீறிவிட்டுக் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். மச்சினன் வண்டியோடு வந்து நின்றான். அக்கா எழுந்து நடமாடுவதைப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பி அனுப்பினான். இன்னொரு வாரியை எடுத்துக்கொண்டு எதிர்மூலையிலிருந்து ஆரம்பித்தான்.

வெயில் உச்சிக்கு ஏறியபோது அங்கே ஒரு குழிதான் மிச்சம். உள்ளே நல்ல கருமண் தெரிந்தது. அதையும் ஒரு குப்பியில் போட்டுப் பார்த்தார், இளம்பச்சை காட்டியது. இனிமேல் இங்கே எதைப் போட்டாலும் முளைக்கும். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், சிரிக்கக்கூடச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. குழியின் ஓரத்தில் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப அவ என்மேல கோவமாவே இல்லையா?"

"இல்லவே இல்லம்மா. அதைத்தானே காலையிலேருந்து சொல்றேன்."

"கோவமா இருக்கான்னு நெனச்சிட்டிருந்தேங்க. கோவப்படறதுக்காவது இருந்தா. இப்ப அதுவும் இல்லையா?"

மண்ணைச் சோதித்தார், கணக்குப் பார்த்தார், கலந்தார், எல்லாம் சரியாக வந்தது. இந்த ஒன்றை அவர் யோசிக்கவே இல்லை. இத்தனை நாளும் அவள் ஜன்னலில் நின்று முகம் திருப்பிக்கொண்ட ஒரு பெண்ணிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். கெஞ்சினால் என்றைக்காவது திரும்பிப் பார்ப்பாள் என்று காத்திருந்தாள். அந்தப் பெண்ணை இப்போது அவரே தன் கையால் இல்லாமல் ஆக்கிவிட்டார். குழிக்குள் இருந்தது வெறும் மண், மிக நல்ல மண்.

அவள் அழ ஆரம்பித்தாள். காய்ச்சல் வார்டிலும் அழாதவள், தகனக் கூடத்திலும் அழாதவள், வாயைப் பொத்தாமல், தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறி அழுதாள். "செத்துட்டா, என்னங்க, அவ செத்துட்டா" என்று இன்றைக்குத்தான் யாரோ சேதி சொன்னது போல அவரிடமே சொன்னாள். மச்சினன் வாரியைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றான். அவர் அவளைச் சேற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து அழுகை விக்கலாகி, விக்கல் ஓய்ந்தது. அவள் முந்தானையின் காய்ந்த ஓரத்தால் முகத்தைத் துடைத்தாள். அவர் கண்ணைப் பார்க்காமல், எதையோ திருடி மாட்டிக்கொண்டவள் போல, மெல்லச் சொன்னாள்.

"பசிக்குதுங்க."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் இத்தனை நாளும் மண்ணை முகர்ந்துகொண்டு திரிந்தார். எழுந்து சமையலறைக்கு ஓடினார். அடுப்பைப் பற்றவைத்தார், பாத்திரத்தை ஏற்றினார், தட்டுகளை எடுத்தார். மச்சினனுக்கு ஒன்று போக, எடுத்தது மூன்று தட்டு. ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தார். வைத்த கையோடு அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, வெளியே கேட்காதபடி, அவரும் அழுதார்.